பனங்கட்டித் துண்டு

சரவணைக் கிராமத்தில் தனியாக இருக்கும் விமலாம்பிகைக்குச் சீனி வருத்தம், இனி இனிப்புக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பனங்கட்டியைக் கடித்துக் கடித்தே தேத்தண்ணீர் குடித்துப் பழகியவள் அவள். வெறும் தேத்தண்ணீர் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

"ஒரேயடியா விடாதேங்கோ அம்மா," என்றான் லண்டனிலிருந்த மகன் கேதீசன். "துண்டைக் கொஞ்சங் கொஞ்சமாச் சின்னனாக்குங்கோ. நோகாமல் பழகீடும்."

அப்போதெல்லாம் அவன் தினமும் பேசுவான். அவள் கட்டியைப் பாதியாக உடைத்தாள், பிறகு நகமளவாக்கினாள். அவனுடைய அழைப்பும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒதுங்கி, பிறகு நல்லநாள் பெருநாளுக்கு என்றாகியது. வேலை, பிள்ளைகள், குளிர் என்று அவனுக்காக அவளே சாட்டுகளும் கண்டுபிடித்தாள். பெற்றவளுக்கா சாட்டுக் கிடைக்காது? கடைசியில் பனங்கட்டி போத்தலுக்குள்ளேயே கிடந்து கசிந்தது.

தைப்பொங்கலன்று தொலைபேசி ஒலித்தது.

"வெறுந்தேத்தண்ணி குடிக்கப் பழகீட்டியளோ அம்மா?"

"ஓம். நல்ல வழிதான் சொன்னனீ," என்றாள். "நீயும் என்னை அப்பிடித்தானே விட்டனீ. உனக்கு நோகேல்லைத்தானே?"