கைகளுக்கு ஒரு சுவர்

பெயிண்டருக்குத் தொழில் சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் வர்ணம் அடித்தவர். என்ன நிறம் வேண்டும் என்று வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவரே முடிவு பண்ணிவிடுவார். சொந்த வீட்டுச் சுவர் மட்டும் உரிந்து பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை எடுத்தால் அவருக்குக் காது கேட்காது.

மனைவிக்கு வேலை சைகை மொழிபெயர்ப்பு. காது கேளாத தம்பியோடு வளர்ந்ததில் அந்த மொழி சின்ன வயதிலேயே வந்துவிட்டது. டாக்டர் பேசுவதை வீடியோவில் கேட்டு, காது கேளாத நோயாளிக்குக் கைகளால் சொல்வாள். நோயாளி சைகையில் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வாள். இப்போது அலுவலகத்தை மூடி, இனி நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டார்கள். கதவுள்ள தனி அறை வேண்டுமாம். திங்கட்கிழமை வீடியோவில் பார்ப்பார்களாம். அறை சரியில்லை என்றால் வேலையும் இல்லை.

அதுவரை வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்து வேலை என்றால், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துதான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். கையை வீசிப் பேசினால் முழங்கை இடிக்கும். 'மூன்று வேளை' என்று காட்டப்போன கை பாதியில் நின்று, நோயாளி இரண்டு என்று புரிந்துகொண்ட கதையும் உண்டு. நல்லவேளை, உடனே திருத்திவிட்டாள்.

"ஸ்டோர் ரூமைக் காலி பண்ணு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் பெயிண்டர்.

உடைந்த சைக்கிள், காலி டப்பாக்கள், எதற்கென்றே தெரியாமல் சேர்த்த மரச்சட்டங்கள் எல்லாம் ஒரே நாளில் வெளியேறின. சத்தம் நுழையாமல் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டினார். மேஜைக்கு இரண்டு பக்கமும் விளக்கு வைத்தார். நிறத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. மனைவி மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் நிற அட்டைகளை அவள் கையோடு ஒட்டி ஒட்டிப் பார்த்து, கலந்து கலந்து அந்த மாநிறத்தைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து காட்டினார்.

"உன் கை நிறம். அச்சு அசலா."

அவள் சுவரில் உள்ளங்கையைப் பதித்துத் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தன் கையை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம்.

சனிக்கிழமை ஒத்திகைக்காகத் தம்பியை வீடியோவில் கூப்பிட்டாள். அவன் திரைக்கு மூக்கைக் கொண்டுவந்து கண்ணைச் சுருக்கினான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தபடி ஏதோ காட்டினான்.

"என்னவாம்?"

"கை எங்கேன்னு கேக்கறான். வளையல் மட்டும் அந்தரத்துல பறக்குதாம்."

பெயிண்டர் எட்டிப் பார்த்தார். உண்மைதான். கையும் சுவரும் ஒரே நிறமாகி, விரல் எது, சுவர் எது என்று தெரியவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆசையா அடிச்சீங்க, இருக்கட்டும். பின்னாடி ஒரு துணியைத் தொங்கவிட்டுக்கறேன்."

"துணின்னா மடிப்பு விழும். அவங்க உன் விரலைப் பாப்பாங்களா, மடிப்பைப் பாப்பாங்களா?"

வாழ்க்கையில் முதல்முறையாக நிறத்துக்கு இன்னொருவரிடம் யோசனை கேட்டார். ஒவ்வொரு அட்டையாகக் கேமராவுக்கு முன்னால் பிடிக்க, மச்சினன் தலையாட்டித் தள்ளினான். கடைசியில் கருநீலத்துக்குக் கட்டைவிரலை உயர்த்தினான். பளபளப்பு கூடாது, விளக்கு பட்டால் கண் கூசும் என்றும் சொல்லிவிட்டான். பெயிண்டருக்கோ மின்னாத பெயிண்ட் ஒரு பெயிண்டே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோட்டிங் அடித்தார்.

திங்கட்கிழமை அரைமணி நேரம் கதவுக்கு வெளியே நின்றார். வீடியோவில் சோதிக்க வந்த பெண் அதிகாரிக்கும் காது கேட்காது. உள்ளே நடந்தது முழுக்கக் கைப்பேச்சு, கதவில் காதை வைத்தும் பிரயோஜனமில்லை. ஒருவழியாகக் கதவு திறந்தது.

"பாஸ் பண்ணிட்டாங்க. இன்னையிலேர்ந்தே வேலை."

"சுவரைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"நானே கேட்டேங்க. 'சுவரா? நான் கவனிக்கலையே, உங்க கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்'னுட்டாங்க."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பெயிண்டர் சண்டைக்குப் போயிருப்பார். அன்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மேலும் கேட்க வாயெடுப்பதற்குள் கணினி மணியடித்தது.

"நோயாளி காத்துக்கிட்டிருக்காருங்க. நீங்க வெளியே போங்க" என்றாள் மனைவி.

சொந்த வீட்டில், தானே உண்டாக்கிய அறையிலிருந்து தன்னையே வெளியே போகச் சொல்கிறாள். பெயிண்டருக்கு அதில் வந்த பெருமை எந்த மாளிகைக்கு வர்ணம் அடித்தபோதும் வந்ததில்லை. மறுபேச்சுப் பேசாமல் வெளியே வந்து, கதவை அவரே மெதுவாகச் சாத்தினார்.