பிடித்துக்கொள்ள ஒரு கை

ஈயத்தை உருக்கிச் சால்டரிங் செய்ய இரண்டு கை போதாது. சர்க்யூட் பலகையை அசையாமல் பிடிக்க இன்னொரு கை வேண்டும். சொர்ணலதா வேலை பார்க்கும் ஹெப்பாள் தொழிற்சாலையில் அதற்கு ஸ்டாண்டு உண்டு. வாடகை அறையில் உடனிருந்த மனிஷாதான் பிடித்துக்கொள்வாள்.

“பாத்துக்கா, என் விரலச் சுட்டுடாத. அப்புறம் கிட்டார யாரு வாசிப்பா, நீயா?”

இருவரும் சேர்ந்து வாங்கிய கிட் அது. பாகங்களைப் பொருத்தி முடித்தால், காலால் மிதித்ததும் கிட்டார் ஓசையைக் கரகரப்பாக்கும் பெடல் கிடைக்கும். பாதி வேலையில் மனிஷா கல்யாணமாகிச் சாமராஜநகர் போனாள். “முடிச்சு வைக்கா, வந்து வாசிக்கறேன்” என்று கிட்டாரையும் ஸ்பீக்கரையும் விட்டுப்போனாள்.

பலகையைத் துணி கிளிப்பால் மேசை விளிம்பில் கவ்வவைத்து, மீதியைச் சொர்ணலதா தனியாகவே முடித்தாள். அன்றே மனிஷாவை அழைத்தாள்.

“பெடல் ரெடி மனி. வாசிக்கறேன், கேக்குதா சொல்லு.”

போனை ஸ்பீக்கர் முன்னால் சாய்த்துவைத்தாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரோ மனிஷாவைக் கூப்பிட்டார்கள்.

“கேக்குதுக்கா, சக்கத்தா இருக்கு, சூப்பர்!”

சொர்ணலதாவின் விரல் இன்னும் தந்தியைத் தொடவில்லை.

“எப்ப வர்றே?”

“வர்றேன்க்கா, பாக்கலாம். வெச்சிடவா?”

“ம்.”

சொர்ணலதாவுக்கு வாசிக்கத் தெரியாது. பெடலை மிதித்து, எல்லாத் தந்திகளையும் ஒருமுறை மொத்தமாக வருடினாள். கரகரவென்று அறை அதிர்ந்தது. அது முழுதாக அடங்கும்வரை அசையாமல் நின்றாள்.