கட்டம் போட்ட கடல்

அன்று காலை கிளம்புவதற்கு முன் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். பாப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று என் கணவருக்கு எழுதிய குறிப்பு. பத்து மணிக்கு ராகிக் கூழ் என்று எழுதி, அடித்து, பத்தரை என்று மாற்றி, அதையும் அடித்துத் திரும்பப் பத்து ஆக்கியிருந்தேன். அவர் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படித்தார்.

"ஏம்புள்ள, நீ அடிச்சதெல்லாம் படிச்சு முடிக்கறதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாணமே ஆயிரும். நீ கெளம்பு, சாமிய நான் பாத்துக்கறேன்."

சாமி என்று அவர் கொஞ்சுவது பாப்பாவைத்தான். அவளுக்கு ஒன்றரை வயது. ஒரு முழுப் பகல் அவளை விட்டு நான் எங்கும் போனதில்லை. நான் செருப்பை மாட்டியதும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். அழுகைச் சத்தம் தெருமுனை வரை வந்தது. சேலம் பஸ்ஸில் ஏறிய பிறகும் அது காதிலேயே இருந்தது.

நான் போனது கப்பல் சண்டைப் போட்டிக்கு. சொன்னால் பலருக்கும் புரிவதில்லை. சுண்டுவிரல் நீளத்தில் ஈயக் கப்பல்கள். நாமே வர்ணம் பூசி வைத்திருப்போம். ஒரு பெரிய மேசைதான் கடல். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, தன் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும்; நடுவர் அதன்படி கப்பல்களை நகர்த்திய பிறகு, எதிரிக் கப்பல் எத்தனை அங்குல தூரத்தில் இருக்கிறது என்று இன்னொரு சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். அளக்கக் கூடாது, கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். பிறகு நடுவர் சீட்டுகளைப் பிரித்து, நாடாவால் அளப்பார். அரை அங்குலத்துக்குள் சொல்லியிருந்தால் குண்டு விழுந்ததாகக் கணக்கு. இல்லாவிட்டால் கடலில் போனது.

கல்லூரி விடுதியில் அறைத்தோழி ஒருத்தி பழக்கிவிட்டாள். நான்கு வருடம் ஆடினேன். ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. பிள்ளையை அழவிட்டு வந்தவள் வெறுங்கையோடு திரும்பினால், எதற்காகப் போனாய் என்று வேறு யாரும் கேட்க மாட்டார்கள். நானே கேட்டுக்கொள்வேன், ஒரு மாதத்துக்கு. ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் போட்டி. பந்தி மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அடர்நீலப் போர்வைகளை விரித்துக் கடலாக்கியிருந்தார்கள். கப்பல் மூழ்கினால் மூழ்கடித்தவரே அதன்மேல் கொஞ்சம் பஞ்சை வைக்க வேண்டும். அது புகை. அந்தப் பஞ்சு பறந்துவிடுமென்று மின்விசிறியை யாரும் போடவிடவில்லை. எல்லோர் சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றேன். எழுதுவது, அடிப்பது, மாற்றி எழுதுவது, இதேதான். நடுநடுவே போனையும் பார்த்துக்கொண்டேன். கூழ் கிண்ணம் காலியான படம் ஒன்று வந்தது. முழுதும் குடித்தாளா, தரையில் கொட்டினாளா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மூன்றாவது, கடைசி ஆட்டம். எதிரே நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். பெரிய மீசை. அவர் கையில் கப்பல்கள் எறும்பு போலத் தெரிந்தன.

"அம்மிணி, பாப்பா கூழு குடிச்சுதா?" என்றார் எடுத்தவுடன். என் போன் மேசை மேலேயே இருந்ததைப் பார்த்திருக்கிறார்.

"குடிச்சுருச்சுங்கண்ணா."

"அப்பறமென்ன, நிம்மதியாத் தோத்துட்டுப் போங்க."

ஆனால் அவரும் நன்றாக ஆடவில்லை. ஒவ்வொரு குண்டும் தவறும்போது தலையில் தட்டிக்கொண்டார். "பூமிக்குக் கீழ தண்ணி எத்தன அடியில இருக்குதுன்னு கேளுங்க, கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். தண்ணிக்கு மேல இஞ்சுக் கணக்கு வரமாட்டீங்குது!"

ஒரு மணி நேரத்தில் அவருக்கு ஒரு கப்பல், எனக்கு ஒரு கப்பல் என்று மிஞ்சியது. இரண்டுமே அடிபட்டவை. இனி யாருடைய குண்டு சரியாக விழுகிறதோ அவருக்கு ஆட்டம். இரண்டு கப்பல்களும் மேசையின் நீளவாக்கில் நின்றன. சீட்டில் இருபத்திரண்டு என்று எழுதினேன். வழக்கம்போலச் சந்தேகம் வந்தது. குனிந்து கடலைப் பார்த்தேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. நீலத்துக்குள் மெல்லிய வெளிர்நீல இழைகள். கட்டம் கட்டமாக. மற்றவர்களுக்கு அது வெறும் போர்வை. நான் வெண்ணந்தூர்க்காரி. எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின. இந்த ரகம் ஊரில் பாதித் தறிகளில் ஓடியது. பள்ளி விடுமுறையில் நூற்றுக்கணக்கில் மடித்து அடுக்கியிருக்கிறேன். ஒரு கட்டம் இரண்டு அங்குலம். இரண்டு கப்பல்களுக்கும் நடுவே பன்னிரண்டு கட்டம். இருபத்து நான்கு அங்குலம்.

எழுதிவிட்டால் ஜெயித்துவிடலாம். ஆனால் அது அளந்ததுபோல ஆகாதா? கண்ணால் பார்ப்பதுதானே விதி, நானும் கண்ணால்தானே பார்த்தேன்? இல்லை, எண்ணினேன். எண்ணுவது அளப்பதா? பேனாவைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். கடைசியில் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு இளம் பல் மருத்துவர். ஒவ்வொரு முறையும் நாடாவைக் கவனமாகச் சுருட்டிப் பையில் வைப்பவர்.

"சார், இந்தப் போர்வையில கட்டம் இருக்குதுங்க. கட்டத்துக்கு ரெண்டு இஞ்சு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுக்கிட்டு ஆடறது சரிதானான்னு தெரியல."

நடுவர் போர்வையில் முகத்தை வைக்காத குறையாகக் குனிந்தார். ரிக்காரரும் குனிந்தார்.

"அட ஆமா!" என்றார் ரிக்காரர். "காலையில இருந்து இதும்மேல குருட்டாம்போக்குல குண்டு போட்டுட்டு இருந்தனே. ஏனம்மிணி, இத வெளிய சொல்லாம ஜெயிச்சிருக்கலாமில்லீங்க?"

"ஜெயிச்சிருக்கலாம்" என்றேன்.

நடுவர் நிமிர்ந்தார். "இப்ப ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்ப சமம்தான். ஆடுங்க."

இருபத்திரண்டை அடித்து இருபத்து நான்கு என்று எழுதினேன். ரிக்காரர் விரலால் காற்றிலேயே கட்டங்களை எண்ணி எழுதினார். நடுவர் சீட்டுகளைப் பிரித்தார். இரண்டிலும் இருபத்து நான்கு. நாடாவை வைத்தார்.

"இருபத்திரண்டேகால்."

இருவரின் குண்டுகளும் கப்பலைத் தாண்டிப் போய்விட்டன. மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சட்டென்று உறைத்தது. தறியிலிருந்து இறங்கும்போதுதான் இரண்டு அங்குலம். இது துவைத்த போர்வை. முதல் தண்ணியிலேயே சுருங்கியிருக்கும்! தறிக்காரர் வீட்டுப் பெண் மறக்கக்கூடிய காரியமா? அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"நல்லாச் சொன்னீங்க போங்க" என்றார் ரிக்காரர். "நம்மள நாமளே ஏமாத்திக்கிட்டோம்." உடனே போனை எடுத்து, பன்னிரண்டு கட்டம் இருபத்திரண்டேகால் என்றால் ஒரு கட்டம் எவ்வளவு என்று வகுக்க ஆரம்பித்தார்.

நான் அடித்துப் போட்டிருந்த அந்த இருபத்திரண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்காமல் விட்டிருந்தால் ஜெயித்திருப்பேன்.

அடுத்த நகர்வுச் சீட்டில் இருவருமே கப்பலைத் திருப்பி நகர்த்த எழுதியிருந்தோம். நடுவர் நகர்த்தி முடித்தபோது அவை மேசையின் அகலவாக்கில் எதிரெதிரே நின்றன. இனி தூரச் சீட்டு. ரிக்காரர் கட்டங்களை எண்ணினார், ஒன்பது. போனில் பெருக்கினார். நான் கட்டத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கப்பலின் மூக்கை மட்டும் பார்த்தேன். பதினேழரை என்று எழுதினேன். பேனா முனை அந்த எழுத்தின் மேலேயே நின்றது. பதினேழோ? பதினெட்டோ? பேனாவை மூடித் தலைமுடியில் செருகிக்கொண்டு சீட்டை மடித்தேன்.

நடுவர் அவருடையதை முதலில் பிரித்தார். "பதினாறேமுக்கால்." பிறகு என்னுடையது. "பதினேழரை." நாடா நீண்டது. அவர் இரண்டு முறை பார்த்தார்.

"பதினேழரை. சரியாப் பதினேழரை."

நான் கத்திய கத்தலில் பக்கத்து மேசையில் ஒருவர் கப்பலைக் கீழே போட்டார்.

"கணக்கு சரியாத்தானே போட்டேன்!" என்று ரிக்காரர் போனை உலுக்கினார்.

எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "நீளத்துல ஓடற பாவு நூலு சுருங்கற அளவுக்கு அகலத்துல ஓடற ஊடை சுருங்காதுங்கண்ணா. எங்கப்பா சொல்லுவாரு."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"மொதல்ல தெரியலீங்களே!"

அவர் பெரிதாகச் சிரித்து, பஞ்சுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "வைங்க அம்மிணி. நல்லாப் பெருசா வைங்க. மூழ்கறதும் மூழ்கறோம், பொகையாவது தாராளமா இருக்கட்டும்."

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, ஜெயிச்சுட்டேன்!"

"மெல்லப் பேசு. சாமி இப்பத்தான் தூங்குச்சு" என்றார். பிறகு அவரே சத்தமாக, "நெசமாவா?" என்றார். பாப்பா எழுந்து அழுவது கேட்டது.

புகையாக வைத்த பஞ்சில் ஒரு துணுக்கைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தேன். பாப்பாவிடம் காட்டத்தான். வாயில் போட்டுக்கொள்வாளோ என்ற பயத்தில் பிரிட்ஜின் மேல், அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.