மதகு வரை நாற்பது நிமிடம்

வனத்துறை அலுவலகம் இலவசமாகத் தரும் சின்னக் கையேட்டில் 'எளிய நடை' என்ற தலைப்பின் கீழ் இருபத்தாறு வழிகள் இருக்கும். காட்டு வழி, ஆற்றோர வழி, இரண்டும் கலந்த வழி. குடும்பத்தோடு போகலாம், நண்பர்களோடு போகலாம், பேசிக்கொண்டே போகலாம் என்று முதல் பக்கத்தில் படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு வழிக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதியிருக்கும். அந்த நேரம் எல்லாவற்றையும் நடந்து பார்த்துக் குறித்தவள் ஒரே ஒருத்தி. அவளும் தன்னந்தனியாகத்தான் நடந்தாள். விதி அப்படி.

நேரம் பார்ப்பவர் துணையில்லாமல் நடக்க வேண்டும் என்பது அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான விதி. பேச்சுத் துணை இருந்தால் நடை ஒரு சீராக இருக்காதாம். வழியில் யாரிடமாவது நின்று பேச நேர்ந்தால் கழுத்தில் தொங்கும் கடிகாரத்தை நிறுத்திவிட வேண்டும். பேசி முடித்துக் காலை எடுத்து வைக்கும்போது மறுபடி ஓடவிட வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக அவள் இதை அட்சரம் பிசகாமல் செய்து வந்தாள்.

இந்த வேலைக்கு அவளை எடுத்த கதையே வேடிக்கை. குள்ளம், கொஞ்சம் பருமன், நடை மெதுவோ மெது. தபால் பிரிவில் உட்கார்ந்திருந்தவளைப் பழைய மேலாளர் பார்த்துவிட்டு, "இந்தம்மா நடந்து முடிச்சிட்டா ஊர்ல யாரும் நடந்து முடிச்சிடலாம்" என்றாராம். வேறு யாராவது என்றால் ரோஷப்பட்டிருப்பார்கள். அவளுக்கோ முதல் தடவையாகத் தன் கால்கள் எதற்கோ பயன்பட்டதில் பரம சந்தோஷம். 'நேரக்காரம்மா' என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

குடியிருப்பு தங்கை வீட்டு மாடியறையில். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டிய மழைச்சட்டைகள். கீழே தங்கை, அவள் கணவர், இரண்டு பிள்ளைகள் என்று வீடு கலகலவென்றிருக்கும். சாப்பிடக் கூப்பிடுவார்கள், இவளும் போவாள். ஆனால் அவர்கள் பேச்சு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இவள் போய் உட்காருவாள். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரிவதற்குள் தட்டு காலியாகிவிடும்.

"என்னக்கா, மழை விட்டா வாரத்துல நாலு நாள் காடு மேடுன்னு சுத்துறே. அந்த மரத்துக்கிட்டயாவது நாலு வார்த்தை பேசுவியா?" என்று தங்கை கிண்டல் செய்வாள்.

"பேசினா கடிகாரத்தை நிறுத்தணுமே" என்பாள் இவள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

இருபத்தாறு வழிகளில் பதினேழாவது வழி கொஞ்சம் தனி. பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, மூங்கில் காட்டுக்குள் புகுந்து, மெல்ல ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். கால் வைக்கும் இடமெல்லாம் சருகு, மெத்தை மாதிரி. நாற்பதாவது நிமிடம் மரங்கள் விலகி ஒரு பழைய மதகு தெரியும். அங்கிருந்து நாணல் ஓரமாகவே நடந்தால் மரப்பாலம், பாலத்தைத் தாண்டினால் அடுத்த பேருந்து நிறுத்தம். மொத்தம் இரண்டேகால் மணி நேரம். எளிய நடை என்று பெயர் வாங்க உச்சவரம்பு இரண்டரை.

மதகைத் திறந்து மூடும் வேலையில் ஒருவர் இருந்தார். அறுபதை நெருங்கியவர். மனைவி இறந்து வெகுகாலம், மகள் எங்கோ தொலைவில். மதகுக்காரர் என்றுதான் அவளுக்குத் தெரியும், பெயரைக் கேட்டதில்லை. வருடத்துக்கு ஒரு முறை, மழை ஓய்ந்ததும் அவள் அந்த வழியைச் சரிபார்க்க வருவாள். அவர் வெளியே வந்து, "வாங்க நேரக்காரம்மா, கடிகாரத்தை நிறுத்துங்க" என்பார். அவள் நிறுத்துவாள். தண்ணீர் எவ்வளவு வந்தது, கரை எங்கே அரித்தது, நீர்நாய் குட்டி போட்டதா என்று ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து. அவர் அங்கே வேலைக்கு வந்த பதினோரு வருடங்களில் அவர்கள் பேசிய மொத்த நேரத்தையும் சேர்த்தால் ஒரு மத்தியானத்துக்குக்கூடக் காணாது. ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்துக்காக அவள் மற்ற இருபத்தைந்து வழிகளையும் நடந்தாள். இதை அவள் தன்னிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை, நான் சொல்கிறேன்.

போன வருடம் அவர் வழக்கத்துக்கு மாறாகக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு என் வேலை பன்னெண்டு மணியோட முடியுது. பாலம் வரைக்கும் நானும் வரட்டுமா?"

"தனியாத்தான் நடக்கணும். விதி."

"நான் வாயே திறக்க மாட்டேன். பின்னாடி ஒரு ஆடு வர்றதா நினைச்சுக்குங்க."

அவள் யோசித்தாள். ஆடு வரக்கூடாது என்று விதியில் இல்லை. "சரி, வாங்க" என்றாள்.

ஆடு இரண்டு நிமிடம்தான் சும்மா வந்தது. பிறகு ஒரு மீன்கொத்தியைக் காட்டியது. அப்புறம் மகளைப் பற்றிச் சொன்னது. அவள் தபால் பிரிவைப் பற்றிச் சொன்னாள், பழைய மேலாளரைப் போல நடித்துக்காட்டினாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாணலை ஒட்டி ஒரு பாறையில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த தேநீரை பிளாஸ்க்கின் ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். தன் குரல் இத்தனை நேரம் இடைவிடாமல் கேட்பது அவளுக்கே புதிதாக இருந்தது. கடிகாரத்தை அவள் நிறுத்தவில்லை. அப்படி ஒன்று கழுத்தில் தொங்குகிற நினைப்பே இல்லை.

பாலத்தைத் தாண்டி நிறுத்தத்துக்கு வந்து பார்த்தபோது மூன்று மணி நேரம் ஐந்து நிமிடம் என்றிருந்தது. கடிகாரத்தில் இருப்பதைப் படிவத்தில் எழுதுவது அவளுக்குக் கைப்பழக்கம். பேருந்தில் உட்கார்ந்து சந்தோஷமாக அதையே எழுதி, மறுநாள் காலை கொடுத்தும் விட்டாள். உச்சவரம்பு அவள் ஞாபகத்துக்கே வரவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் செய்த ஒரே தப்பு அது.

புது மேலாளர் சின்ன வயதுப் பெண். படிவத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். "பதினேழாவது வழி மூணு மணி நேரமாம்மா? கரை ஏதாவது சரிஞ்சிருக்கா?"

ஒருவரோடு பேசிக்கொண்டு நடந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்னொரு நாள் தனியாக நடந்து வா என்று அனுப்பியிருப்பாள். ஆனால் அதைச் சொன்னால் யாரோடு என்ற கேள்வி வரும். பக்கத்து மேசைகளில் இருப்பவர்கள் தலையைத் தூக்குவார்கள். ஐம்பத்தேழு வயதில் அவளுக்கு முகம் சிவந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லம்மா, எடுத்துடலாம்" என்றாள் மேலாளர். பேனாவால் ஒரு கோடு, அவ்வளவுதான். இந்த வருடக் கையேட்டில் இருபத்தைந்து வழிகள்தான். மழை ஓய்ந்ததும் அவளுக்கு வந்த பட்டியலில் மதகு இல்லை.

யாரும் அனுப்பாமலே போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். விடுமுறை நாளில் பேருந்து ஏறினால் போயிற்று. அவளுக்கு அது தோன்றவே மூன்று வாரம் ஆனது. தோன்றிய பிறகு துணிய இன்னும் இரண்டு வாரம். எங்கேயும் யாராவது அனுப்பித்தான் போயிருக்கிறாள். சும்மா வந்தேன், உங்களைப் பார்க்க வந்தேன் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? மாடியறையில் தனியாக நின்று மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். புதுக் காலணி போட்டுக்கொண்டாள், தலையைப் பார்த்துப் பார்த்து வாரினாள். இரண்டு பேருக்குத் தேநீர் எடுத்துக்கொண்டாள். கடிகாரத்தை மட்டும் பழக்கதோஷத்தில் கழுத்தில் மாட்டிவிட்டாள். 'பதினேழு' என்ற பலகை நிறுத்தத்தருகில் இன்னும் நின்றது. அதைக் கழற்ற வேண்டிய ஆள் வந்துசேரவில்லை. காட்டுக்குள் எதையும் பார்க்காமல் நடந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவர் மதகின் மேல் நின்று சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"அட, நேரக்காரம்மா! இந்த வருஷம் காணோமேன்னு பார்த்தேன். மறந்தே போயிட்டீங்கன்னு நினைச்சேன்." அவர் பார்வை கீழே போனது. "புதுச் செருப்பா? தலையெல்லாம் பிரமாதமா இருக்கு. என்ன, ஞாயித்துக்கிழமையில கூட வேலையா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பதில் அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலணியை அவர் பார்த்துவிட்டார், தலையையும் பார்த்துவிட்டார். தான் எதற்காக வந்திருக்கிறோம் என்பது முழுக்க வெளியே தெரிவதுபோல அவளுக்குக் கூசிப்போயிற்று.

"ஆமா, வேலைதான்" என்றாள். கை தானாகப் போய்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டது.

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"சரி சரி. அப்போ நான் குறுக்க வரமாட்டேன். போன வாட்டி பேசிப் பேசியே உங்களைத் தாமதமாக்கிட்டேன். ஆபீஸ்ல திட்டு வாங்கியிருப்பீங்க. நான்தான் புத்தியில்லாம கூட வந்துட்டேன்."

"அதெல்லாம் இல்ல" என்றாள்.

"கிளம்புங்க, நேரம் ஓடுது" என்று ஒதுங்கி வழிவிட்டார். அவள் பத்தடி போயிருப்பாள், பின்னாலிருந்து குரல் வந்தது. "வேலை இல்லாத நாளாப் பார்த்து ஒருநாள் வாங்களேன். சாவகாசமாப் பேசலாம்."

அவள் திரும்பி, "வர்றேன்" என்று தலையாட்டினாள். அவர் கையசைத்துவிட்டு மறுபடி மதகில் ஏறினார்.

நாணல் வளைவில் போய் நின்றாள். திரும்பிப் போக நூறு அடிகூட இருக்காது. போய் என்ன சொல்வது? பொய் சொன்னேன் என்றா? ஏன் என்று அவர் கேட்டால்? நேரம் பார்க்கும் ஒருத்தி நடுவழியில் இப்படி நிற்கக் கூடாது, அவர் மேலேயிருந்து பார்த்தால் சந்தேகப்படுவார் என்று பயம் வந்தது. அவர் கண்ணுக்குத் தெரியும் தூரம் முழுக்க வேலையாகப் போகிறவள்போலவே, ஒரே சீராக நடந்தாள்.