அரை யாளி எப்படி நடக்கும்?

"எடுத்த புத்தகத்தை முடிக்காம மூடினேன்னா என் பேரு கண்ணம்மை இல்ல" என்று கண்ணம்மை ஆச்சி அறிவித்தது காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில். எதிர்வரிசை, இந்த வரிசை, பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் என்று சாட்சிகளுக்குக் குறைவில்லை. பக்கத்து இலையில் இருந்த அவள் கணவர் அழகுசுந்தரம் அப்பளத்தை நொறுக்கியபடியே வழிமொழிந்தார்.

"வாஸ்தவம். போன மாசம் கிரைண்டர் வாங்கினோம். கூட வந்த புத்தகத்தை இந்தில இருக்கிற பக்கம் வரைக்கும் விடல."

பந்தி சிரித்தது. ஆச்சி சிரிக்கவில்லை. "இந்திப் பக்கத்துல படம் மட்டுந்தான் பாத்தேன்" என்று திருத்தம் கொடுத்தாள். வரலாற்றில் பிழை ஏறிவிடக் கூடாதல்லவா.

பெருமை பொய்யில்லை. திருக்கோஷ்டியூர் போனால் மற்றவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவார்கள். ஆச்சி தல வரலாற்றை வாங்கி, பின்னட்டையில் அச்சகத்தின் முகவரி வரை படித்துவிட்டுத்தான் காரில் ஏறுவாள். எழுதியவரே பாதியில் அலுத்துப்போனது அப்பட்டமாகத் தெரியும் நாவல்களைக்கூட அவள் கைவிட்டதில்லை. எழுத்தாளர்களுக்கு இப்படி ஒரு விசுவாசி கிடைப்பது அரிது. கிடைத்தது அவர்களுக்குத் தெரியாமலே போவது வழக்கம்.

போன ஐப்பசியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த அழகுசுந்தரம் பிரஷ்ஷும் கையுமாகக் கீழே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

ஆச்சி அழவில்லை. அதனால் உறவுக்குள் இரண்டு கட்சிகள் உதயமாயின. கல் நெஞ்சு என்றது ஒன்று. மனத் தைரியம் என்றது இன்னொன்று. இரண்டும் காபி குடித்துவிட்டுக் கலைந்தன. ஆச்சி எந்தக் கட்சியிலும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது அவளுக்கு. தொட்டால் தொட்டது தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. சாம்பாரில் உப்பு இல்லாததை வேலைக்கு வரும் சோணையம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

படிப்பது மட்டும் நிற்கவில்லை. கண் வரியைப் பிடித்துக்கொண்டு ஓடும், பக்கம் புரளும், கடைசிப் பக்கம் வரும். என்ன கதை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் முடித்துவிட்டாள். மிச்சமிருந்த ஒரே பெருமை அது. அதையும் விட்டுவிட்டால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று யோசிக்க வேண்டி வரும்.

மாசியில் கோயில் கமிட்டிக்காரர் லட்சுமணன் கோயில் வரிக் கணக்குக்காகப் புள்ளி எடுக்க வந்தார். நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. ஜோடியில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர் அரைப் புள்ளி. பூமியில் எத்தனையோ தத்துவஞானிகள் மூளையைக் கசக்கிய விஷயத்தை எங்கள் ஊர் ஒரு பின்னத்தில் முடித்துவைத்திருக்கிறது. லட்சுமணன் சொல்லத் தயங்கிச் செருமினார்.

"அரைதானே, எழுதிக்கங்க" என்றாள் ஆச்சி. "காபி சாப்பிடுறீகளா?"

அதற்கப்புறந்தான் நூலகர் கதிரவன் வந்து கேட்டார். "சனிக்கிழமை புள்ளைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் படிச்சுக் காட்டுறீகளா ஆச்சி? நான் படிச்சா அதுக எந்திரிச்சு ஓடிருதுக." மறுக்கக் காரணம் தோன்றாததால் ஆச்சி ஒத்துக்கொண்டாள்.

புத்தகம் யாளிகளைப் பற்றியது. கோயில் தூணில் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்குமே, அந்த ரகம் இல்லை. இவை பரம சாது. வீடுகளில் எழும் சத்தங்களைத் தின்று வாழ்பவை. கதவுக் கிறீச்சு, மிக்ஸி, அண்ணன் தம்பி பாகப் பேச்சு, எதைப் போட்டாலும் சாப்பிடும். தேர்தல் ஒலிபெருக்கி மட்டும் செரிக்காது. குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குவது இவற்றால்தான் என்பது நூலாசிரியர் துணிபு. கதை நாயகர்கள் டமுக்கு, சிமிக்கி என்று ஒரு ஜோடி. யாரும் முன்கூட்டிப் படிக்கக் கூடாது, ஆச்சி உள்பட, என்று பிள்ளைகள் சட்டம் போட்டுப் புத்தகத்தைக் கதிரவனின் மேஜை இழுப்பறையில் பூட்டச் சொன்னார்கள்.

நடுக்கதையில் பேரிடி ஒன்று ஊரை நோக்கி வர, டமுக்கு ஓடிப்போய் அதை முழுசாக விழுங்கியது. திரும்பி வரவில்லை. பிள்ளைகள் மூக்கை உறிஞ்சினார்கள். ஆச்சி பக்கத்தைப் புரட்டி, "அடுத்த அத்தியாயம்" என்றாள்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கியிருந்த சனிக்கிழமை, ஆச்சி வருவதற்குள் பிள்ளைகள் சார்ட் அட்டையில் சிமிக்கியை வரைந்துகொண்டிருந்தார்கள். பென்சில் மீனுவிடம் இருந்தது. மீனு, கமிட்டிக்காரர் லட்சுமணனின் மகள். அப்பாவை 'அப்பச்சி' என்று கூப்பிடுகிற வீடு.

"என்னடி இது, பாதிதான் இருக்கு?" என்றாள் பாண்டீஸ்வரி.

"டமுக்கு போயிருச்சுல்ல. சிமிக்கி இப்ப அரைப் புள்ளி. எங்க அப்பச்சி அப்படித்தான் எழுதுவாக."

அளவுகோல் வைத்து நெடுக வெட்டிய யாளி. ஒரு கண், ஒரு காது, பாதித் தும்பிக்கை, ஒரே பக்கத்தில் இரண்டு கால். வேலை சுத்தம்.

"அரை யாளி எப்படி நடக்கும்?" என்றான் சதீஷ்குமார். "பொத்துனு சாஞ்சிரும்ல."

"நடக்காது. அதான் கடைசி அத்தியாயத்துக்குப் பேரு 'கல் தூண்'னு பொருளடக்கத்துல போட்டிருக்கு. தூணுல சாஞ்சு கல்லாப் போயிரும், பாத்துக்க."

"ஆமா, இவ பெரிய எழுத்தாளரு" என்றாள் பாண்டீஸ்வரி. "எங்கப்பா செத்துப்போயி நாளாச்சு. எங்கம்மா என்ன அரையாவா இருக்கு? நேத்துக்கூட ரெண்டு கையாலயும்தான் சாத்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரிதான் அதிகம் சிரித்தாள். பிறகு அத்தனை முகமும் வாசலில் நின்ற ஆச்சியின் பக்கம் திரும்பின.

"நீங்க சொல்லுங்க ஆச்சி. சிமிக்கி அரையா, முழுசா?"

ஆச்சி அட்டையைப் பார்த்தாள். அந்த ஒற்றைக் கண்ணை மீனு நன்றாக வரைந்திருந்தாள், இமைகூட இருந்தது. ஆச்சி கன்னத்தை ஒரு தரம் தேய்த்துக்கொண்டாள்.

"பாண்டீஸ்வரி, மிச்சத்தை நீ வரை."

பாண்டீஸ்வரி வரைந்த பாதி, மீனு வரைந்த பாதியைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஒரு கால் நீளம். காது முறம் போல இருந்தது. ஆனாலும் நாலு காலில் நின்றது.

"கழுத மாதிரி இருக்கு" என்றாள் மீனு.

"நடக்கும்ல?" என்றாள் பாண்டீஸ்வரி.

ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். "கல் தூண்" என்று தலைப்பைப் படித்தாள். "அன்று காலை சிமிக்கி மெல்ல நடந்து மண்டபத்து மூலைக்கு வந்தது." 'தூணில்' என்று தொடங்கிய அடுத்த வரியில் கண் போய் நின்றது. வழக்கமாக ஓடுகிற கண். இன்று ஓடவில்லை.

"படிங்க ஆச்சி."

ஆச்சி புத்தகத்தை மூடினாள்.

"ஐயோ, முடியலையே! கல்லாப் போச்சா இல்லையா?"

"எனக்குத் தெரியாது. வேணுங்கிறவுக எடுத்துப் படிச்சுக்கங்க. நான் படிக்கல."

வெளியே மேஜையில் கதிரவன் கையை நீட்டினார். "முடிச்சாச்சா ஆச்சி?"

"இல்ல" என்று புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சோணையம்மாள் ஊற்றிய சாம்பாரை ஒரு வாய் வைத்தாள்.

"உப்பு கூடிப்போச்சு" என்றாள்.