மூன்று பேரலுக்கு ஒரு கட்டை

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் நிர்வாகம் சென்ற வாரம் ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. ஆயுத அறையிலிருந்து துப்பாக்கியின் மரக்கட்டையை வெளியே எடுக்க இதுவரை இரண்டு பேர் கையெழுத்திட வேண்டியிருந்தது. இனி ஒருவர் போட்டால் போதும். முடிவு எல்லாப் பிரிவுகளுக்கும் உடனே தெரிவிக்கப்பட்டது. காரணம் அறிவிப்பின் இரண்டாவது வரியில் இருந்தது. இன்னொரு கையெழுத்துக்கு உரியவரான கருப்பையா அன்று காலை சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் வாசலில், டியூட்டி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்துவிட்டார். செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது.

அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். தச்சு வேலைக்கு வளைகுடா விசா எடுத்து வந்து, மரம் தெரிந்தவர் என்பதால் நான் வேலை பார்த்த ஆயுத அறைக்கு அனுப்பப்பட்டவர். அவர் யாரையும் நம்பியதில்லை. அதில் பாரபட்சமும் காட்டியதில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து அதைக் குடிக்க மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “ஒண்ணும் கலந்திருக்க மாட்டாங்க தம்பி. ஆனா கலக்கலேன்னு யாரு பாத்தா?” என்றார். அந்த அறையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

கிளப்பில் ஒரே மாதிரியான இலக்குத் துப்பாக்கிகள் மூன்று உண்டு. இரண்டின் மரக்கட்டைகள் விரிசல் விட்டுப்போயின. புதியவற்றுக்கான அனுமதி வரும்வரை, மிச்சமிருந்த ஒரே கட்டையை மூன்று பேரலுக்கும் மாற்றி மாற்றிப் பொருத்துவது என்று முடிவானது. துப்பாக்கியின் நம்பர் இரும்பில்தான் இருக்கும், மரத்தில் இருக்காது. ஆகவே காகிதத்தில் மூன்று துப்பாக்கிகளும் நலமாக இருந்தன. கருப்பையா இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு பேரலைத் தூக்கிவிட்டு அடுத்ததை உட்கார வைப்பார். அளவு காட்டும் ஸ்பேனரால் முடுக்குவார். சில குண்டுகள் சுட்டு, குறி சரியாக விழுகிறதா என்று பார்க்கச் சொல்வார். ஒவ்வொரு பேரலும் மரத்தில் கொஞ்சம் வேறு மாதிரி உட்காரும். குறி மயிரிழை விலகினாலும், முந்தைய நாள் சுட்டவர்கள் கட்டையைக் கெடுத்துவிட்டதாக அடுத்த நாள்காரர்கள் சொன்னார்கள். முந்தைய நாள்காரர்களும் அதையே சொன்னார்கள்.

இதற்கு அவர் கண்ட வழி நகப்பூச்சு. ஸ்க்ரூவை முடுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை சிவப்பாக ஒரு கோடு போடுவார். யாராவது திருகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதை வாங்கக் கேம்ப் அருகே கீழக்கரைக்காரர் ஒருவரின் கடைக்குப் போனபோது நானும் உடன் இருந்தேன்.

“ரூம்ல எல்லாம் ஆம்பளையாத்தானே இருக்கீங்க காக்கா?” என்றார் கடைக்காரர். அவர் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

“துப்பாக்கிக்கு.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். “சரி, பேரு கேக்கல” என்று பாட்டிலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

சீசனின் முதல் போட்டியில் எங்கள் வீரரின் குண்டுகள் எல்லாம் இடப்பக்கம் போயின. யாரோ ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டார்கள் என்று பயிற்சியாளர் புகார் கொடுத்தார். கட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். சிவப்புக் கோடு கொஞ்சமும் உடையவில்லை. கருப்பையா பெருமையோடு சுற்றிலும் பார்த்தார். “பாத்துக்கங்க. என்னைத் தவிர ஒருத்தன் கை வைக்கல.”

மேலாளர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். “கலாஸ், முடிஞ்சுது. அப்போ கை வச்சது நீதான், பாய்” என்று இந்தியில் சொன்னார்.

தையில் கருப்பையாவின் மகளுக்குக் கல்யாணம். லீவ் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தார். விசாரணை முடியும்வரை அது நிறுத்திவைக்கப்பட்டது.

மின்சாரச் சிக்கனத்துக்காக வார விடுமுறையில் ஆயுத அறையின் ஏசியை நிறுத்தச் சொல்லி ஓர் உத்தரவு அப்போது அமலில் இருந்தது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் மூடிய அறைக்குள் மரம் என்ன செய்யும் என்பது மரத்துக்குத்தான் தெரியும். ஸ்க்ரூ திரும்பாமலே அதன் அடியில் மரம் நகர்ந்திருக்கலாம் என்று விசாரணையில் நான் சொன்னேன். உத்தரவைப் போட்டவரும் விசாரித்தவரும் ஒருவரே. ஏசி தொடர்பான கருத்து தனியே பரிசீலிக்கப்படும் என்றார். வெளியே வந்ததும் கருப்பையா என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“எனக்காக எதுக்குத் தம்பி பேசுன?”

“உண்மை அதுதானேண்ணே.”

“அது சரி. உனக்கு இதுல என்ன?”

பதில் சொல்லிப் பார்த்தேன். அவர் கடைசிவரை நம்பவில்லை.

விசாரணை முடிவில் யார் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. யாரும் விடுவிக்கப்படவும் இல்லை. இனி அவரோடு நானும் கையெழுத்திட வேண்டும், சீசன் முடிந்ததும் அவர் லீவில் போகலாம் என்று உத்தரவு வந்தது. அதன்பின் தினமும் நான் கையெழுத்துப் போடுவதை அவரும், அவர் போடுவதை நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயுத அறைக்குள் போனுக்கு அனுமதி இல்லை. மகளின் கல்யாணத்தை அவர் கார் பார்க்கிங்கில் நின்று போனில் பார்த்தார். தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. “கட்டியாச்சாம். எல்லாரும் சொல்றாங்க” என்றார் என்னிடம்.

அவரை அறிந்தவர்கள் அவரைச் சந்தேகக்காரர் என்று சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் விசாரணையில் அவர் சொன்ன ஒன்றை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். “நான் செய்யலேங்க. ஆனா நான் செஞ்சிருந்தாலும் இதையேதான் சொல்லுவேன். அதனால நல்லா விசாரிங்க.” சந்தேகப்பட வேண்டியவர்களில் தன்னையும் ஒருவராகச் சேர்த்துக்கொண்ட வேறொருவரை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வார்த்தைகளைத்தான்.

சீசன் முடிய இன்னும் இரண்டு போட்டிகள் இருக்கின்றன. உடல் வியாழக்கிழமை திருச்சி விமானத்தில் போனது. அங்கே பெட்டியைப் பெற்றுக்கொள்ள மருமகன் வந்திருந்தாராம். மாமனாரும் மருமகனும் அதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை.