ஃபெயிலானவர்களுக்கு மட்டும் ஓர் அறை

காலை பதினொன்றேகாலுக்குச் சேதி வந்தபோது விளையாட்டு மாஸ்டர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பியூன் வாசலில் நின்றபடியே, "அழுகாச்சி டீச்சர் போயிட்டாங்க சார், தூக்கத்துலயே" என்றான்.

"இன்னொரு தடவை அந்தப் பேரைச் சொன்னே, பல்லு இருக்காது."

பேர் வைத்ததே மாஸ்டர்தான். அவருடைய சாமான் அறையைப் பலகையால் மறித்து, மாணவர்களுக்கு மன ஆலோசனை சொல்ல வந்த டீச்சருக்குப் பாதியைக் கொடுத்ததிலிருந்து இருவருக்கும் ஆகாது. ஃபெயிலானவர்களை மட்டுமே அங்கே அனுப்புவது பள்ளி வழக்கம். அவர்கள் உள்ளே அழுவார்கள்; மாஸ்டர் எரிச்சலில் பந்தைப் பலகையில் அடிப்பார். "இன்னும் பலமா அடிங்க சார், பிள்ளைங்க பேசறது வெளியே கேக்காது" என்பார் டீச்சர்.

இந்த வருஷம், எல்லாப் போட்டியிலும் ஜெயிக்கிற பத்தாம் வகுப்புப் பெண் கணக்கில் பூஜ்யம் வாங்கினாள். ஒரு மார்க் கேள்விகளில் குருட்டாம்போக்கில் குறித்தால்கூட நாலைந்து விடை சரியாக விழும். இவளுக்கு ஒன்றுகூட விழவில்லை. வேண்டுமென்றே செய்ததென்று டீச்சருக்குப் புரிந்தது. கேட்டார்.

"ஃபெயிலானாத்தானே மிஸ் உங்ககிட்ட விடுவாங்க?"

அவளிடம் தோற்றவர்கள் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அடுத்தவரை அழவைத்து வாங்கும் கோப்பை சரிதானா என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை. அப்பாவுக்கு அலமாரியில் இருப்பதுதான் மகள்.

அந்த அப்பா பிரின்ஸிபால் அறையில் குதித்தார். "என் பொண்ணு மூளையில என்ன ரிப்பேரு?"

"மூளை நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் தனியாக் கெடக்குறா. அவ வருவா" என்றார் டீச்சர். வந்தால் உங்கள் வேலை இருக்காது என்றார் பிரின்ஸிபால்.

மறுநாளே அந்தப் பெண் பந்து எடுக்கும் சாக்கில் மாஸ்டர் பக்கமாக வந்து நின்றாள். அவர் நடுவிலிருந்த பலகைக் கதவைக் காலால் தள்ளினார். "சனியனே, நிக்காத. உள்ள போ." தினமும் திட்டினார், தினமும் தள்ளினார்.

சேதி வந்த மத்தியானமே, டீச்சர் பக்கத்தை ஒழித்துக் கோப்பைகளை அடுக்கும்படி பிரின்ஸிபால் ஆள் அனுப்பினார். மாஸ்டர் ஒரு பெஞ்சை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுக்கச் சொல், என்று சொல்லி அனுப்பினார். இடைவேளையில் அந்தப் பெண் வந்தபோது மட்டும் காலை மடக்கி வழிவிட்டார்.

உள்ளே அவள் அழுவது தாழ்வாரத்தில் போகிறவர்களுக்குத் தெரிந்தது. கதவுக் கண்ணாடியை மறைக்க டீச்சர் ஒட்ட ஆரம்பித்த பழுப்புக் காகிதம் பாதி வரைதான் வந்திருந்தது.